படிக்காசும் நினைவுக் காசும்

சைவ உலகில் காசு என்றவுடன் கருத்தில் எழுவது திருவீழிமிழலை. மழை பொய்த்து வற்கடம் பரந்த காலத்தில் திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் அத்தலத்தில் அடியார் கூட்டத்தோடு தங்கியிருந்தனர். அடியார்தம் பசி தீர்த்தற்பொருட்டு, இறைவன் நாள்தோறும் பீடத்தின்மேல் இருவர்க்கும் ஒவ்வொரு காசு வைத்தருளினான். அரசர் திருமடத்தில் அமுது காலத்தே ஆயிற்று. பிள்ளையார் திருமடத்தில் பொழுது தாழ்ந்தது. காரணம் வினவியபோது, அரசர் பெற்ற காசை வணிகர் தடையின்றி ஏற்றுக்கொள்கின்றனர் என்றும், பிள்ளையார் பெற்ற காசுக்கு வாசி கேட்கின்றனர் என்றும் பரிசனங்கள் விண்ணப்பித்தனர். வாசியாவது, காசின் மாற்றுக் குறைவு பற்றிப் பண்டம் விற்போர் கழித்துக்கொள்ளும் வட்டம். பிள்ளையார் அவ்வாசி நீங்க வேண்டிப் பதிகம் பாடி நற்காசு பெற்ற வரலாற்றைப் பெரியபுராணம் விளங்க உரைக்கின்றது. அரசர் கைத்தொண்டு புரிந்தவராதலின் அவர்க்கு வாசியில்லாக் காசு கிடைத்ததென்று பெரியோர் கூறும் நயம் யாவரும் அறிந்ததே.

இவ்வரலாற்றில் பக்தியோடு நாணய நூலும் கலந்து கிடக்கின்றது. காசுக்கு முகத்தில் பொறித்த மதிப்பு ஒன்று. அதன் உள்ளீடாகிய உலோகத்தின் மதிப்பு ஒன்று. இரண்டும் ஒத்திருத்தல் அரிது. ஒவ்வாதபோது எழுவதே வாசி. எனினும், வணிகர் தட்டில் நிறுக்க இயலாத மூன்றாம் மதிப்பு ஒன்றும் சில காசுகளுக்கு உண்டு. அது, அக்காசு எதன் நினைவாக எழுந்தது என்பது. ஒரு நிகழ்ச்சியையோ, ஒரு பெரியாரையோ, ஒரு திருக்கோயிலையோ நினைவுகூர்தற்கென்று அரசு வெளியிடும் காசு நினைவு நாணயம் எனப்படும். அவற்றுள்ளும் வெள்ளியால் ஆயவற்றைத் தேடித் தொகுப்போர் நம்மிடையே பலர் உளர். அத்தொகுப்பைப் பொழுதுபோக்கு என்று கருதுவாரும், வெள்ளியில் இட்ட முதல் என்று கருதுவாரும் உண்டு. திருக்கோயில் வரலாற்றில் நாட்டமுடைய அன்பர்கள் அதனை வேறு கண்கொண்டு நோக்குதற்கு இடமிருக்கின்றது.

காசும் கல்வெட்டும் ஒரு குடிப்பிறந்தவை. கல்வெட்டு நின்ற இடத்தில் நின்று பேசும். காசு கைக்குக் கை சென்று பேசும். சோழ மன்னர் இவ்வுண்மையை நன்கறிந்திருந்தனர். முதலாம் இராசேந்திரன் காலத்துப் பொற்காசுகளிலும் வெள்ளிக்காசுகளிலும் நடுவே புலியும், உடன் இணைகயலும் வில்லும் விளங்க, நாகரி எழுத்தில் 'கங்கைகொண்ட சோழன்' என்னும் விருதுப்பெயர் பொறிக்கப்பட்டிருத்தலைக் காணலாம். புலிக்குப் பக்கத்தில் கயலையும் வில்லையும் இருத்தியதால் பாண்டியரும் சேரரும் அடங்கினமை புலனாயிற்று; பெயரால் கங்கை வெற்றி புலனாயிற்று. இக்காலத்தார் கூறும் பொருளில் அதனை நினைவு நாணயம் என்று துணிதல் மிகையாகலாம். ஆயினும் ஒரு படையெடுப்பின் புகழ் விரல்நுனி அளவான உலோகத்தில் ஏறி ஊரூராகச் சென்றது என்பதில் ஐயமில்லை.

அவனுக்கு முன்னோனாகிய உத்தம சோழன் காசின் கதை நெஞ்சை வருத்துவது. செம்பியன் மாதேவியாரின் திருமகனாகிய அம்மன்னன் தன் பெயரைக் கிரந்த எழுத்தில் பொறித்து வெளியிட்ட பொற்காசு ஒன்றை 19-ஆம் நூற்றாண்டில் சர் வால்டர் எலியட் என்னும் அறிஞர் கண்டு, தென்னாட்டு நாணயங்களைப் பற்றிய தம் நூலில் அதன் வடிவை வரைந்து சேர்த்தார். அந்தக் காசு பின்னர்க் காணாமற் போயிற்று. எஞ்சியிருப்பது அக்கோட்டுச் சித்திரமே. செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக்கிய அம்மாதரசியின் புதல்வன் பெயர் தாங்கிய அப்பொற்காசு யார் கையில் எந்த உலையில் கரைந்ததோ, யார் பேழையில் பெயரறியாது கிடக்கின்றதோ, சொல்வாரில்லை. சித்திரம் வரையப்படாதிருந்தால் அக்காசு இருந்ததென்னும் செய்தியும் உடன் அழிந்திருக்கும்.

திருக்கோயிலின் உருவம் வெள்ளிக்காசில் ஏறியது பிற்காலத்து நிகழ்ச்சி என்று எண்ணுவாருண்டு. அங்ஙனமன்று. கிழக்கிந்தியக் கும்பினியார் சென்னை அக்கசாலையில் 1807-ஆம் ஆண்டையொட்டி வெளியிட்ட அரை வராகன், கால் வராகன் என்னும் வெள்ளிக்காசுகளின் ஒருபுறத்தில் விண்மீன்கள் சூழக் கோபுரம் ஒன்று நிமிர்ந்து நிற்கின்றது. மறுபுறத்தில் திருமால் உருவம் உள்ளது. தமிழிலும் தெலுங்கிலும் மதிப்புப் பொறிக்கப்பட்டுள்ளது. வராகனை ஆங்கிலேயர் 'பகோடா' என்றனர். அச்சொல்லையே கோயிலுக்கும் வழங்கினர். வேற்று நாட்டு வணிகக் கூட்டத்தார் பக்தியினால் அதனைச் செய்தாரல்லர். இந்நாட்டு மக்கள் ஐயுறாது கைந்நீட்டி வாங்கும் அடையாளம் எது என்று ஆராய்ந்தார்கள். கோபுரமே அது என்று கண்டார்கள். இன்று அவ்வரை வராகனைத் தேடித் திரியும் தொகுப்பாளர் பலர். நன்னிலையில் உள்ளது கிடைத்தல் எளிதன்று.

1835-ஆம் ஆண்டு முதல் ஒரே அளவான வெள்ளி ரூபாய் நாடெங்கும் வழங்கலாயிற்று. அதன் எடை ஒரு தோலா. பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி. பொற்கொல்லர் பட்டடையில் 'ரூபாய் எடை' என்ற வழக்கே உண்டாகுமளவுக்கு அதன் எடை நம்பப்பட்டது. காசைக்கொண்டே பிற பொருளை நிறுத்த காலம் அது. அவ்வரிசையில் 1911-ஆம் ஆண்டு ரூபாய்க்கு ஒரு தனிக்கதை உண்டு. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அணிந்த விருதுமாலையில் யானை உருவம் ஒன்று அமைந்திருந்தது. துதிக்கை குறுகி அமைந்தமையால் அது பன்றிபோல் தோன்றிற்று. மக்கள் மனம் புண்படவே, அரசு அக்காசுகளைத் திரும்பப் பெற்று உருக்கியது. 1912-இல் யானையின் துதிக்கை திருத்தப்பட்டது. உருக்குக்குத் தப்பிய 1911-ஆம் ஆண்டுக் காசு இன்று தொகுப்பாளர் விரும்பும் பொருளாயிற்று. ஒரு வெள்ளிக்காசில் ஓர் அங்குலத்தின் சிறு கூறும் எத்துணைப் பொருளுடையது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இரண்டாம் உலகப் போர் மூண்டபின் 1940-இல் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947-இல் முற்றும் நீங்கி நிக்கல் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நினைவு நாணயம் 1964-இல் நேரு பெருமகனாரின் உருவம் தாங்கி வெளிவந்தபோது அதுவும் நிக்கலாகவே இருந்தது. வெள்ளி மீண்டும் தலையெடுத்தது 1969-இல், காந்தியடிகள் நூற்றாண்டில். அப்போது வெளிவந்த பத்து ரூபாய்க் காசின் எடை 15 கிராம். நூற்றுக்கு எண்பது பங்கு வெள்ளி. பல இல்லங்களில் அது செலவழிக்கப்படாமல் பூசைப் பேழையில் இடம்பெற்றது. 1970-இல் 'எல்லோர்க்கும் உணவு' என்னும் கருத்தில் அதே அளவில் ஒரு காசு வந்தது. 1972-இல் விடுதலை வெள்ளிவிழாவின்போது வெளியான பத்து ரூபாய்க் காசோ 22.5 கிராம் எடை. அதில் வெள்ளி பாதியே. கணக்கிட்டுப் பார்ப்பின் முன்னதில் 12 கிராம் வெள்ளி, பின்னதில் 11.25 கிராம். மூன்றே ஆண்டில் காசு பருத்தது; வெள்ளி மெலிந்தது. பின்னர் 1973-இல் இருபது ரூபாயும், 1974-இல் ஐம்பது ரூபாயும், 1980-களில் 35 கிராம் எடையுள்ள நூறு ரூபாயும் நினைவுக் காசுகளாக வெளிவந்தன. இவையெல்லாம் பாதி வெள்ளியே. ஐம்பது பங்கு வெள்ளியும் நாற்பது பங்கு செம்பும் ஐந்தைந்து பங்கு நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த இக்கலப்பு நெடுங்காலம் வழங்கியது. 2023-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் புதிய நாடாளுமன்றத் திறப்பு விழாவில், தமிழ்நாட்டு ஆதீனகர்த்தர்கள் முன்னிலையில் மக்களவையில் செங்கோல் நிறுவப்பெற்ற அன்று வெளியிடப்பெற்ற எழுபத்தைந்து ரூபாய்க் காசும் இதே கலப்பினது.

இனித் தஞ்சைக்கு வருவோம். மாமன்னன் இராசராசன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில் இராசராசேச்சரத்து விமானத்தின் உச்சியில் வைத்தற்குச் செப்புக்குடம் ஒன்று அளித்தான். அச்செப்பின் எடை 3083 பலம் என்றும், அதன்மேற் போர்த்த பொன்னின் எடை 2926½ கழஞ்சு என்றும் கல்வெட்டு கூறுகின்றது. கி.பி. 1010-இல் நிகழ்ந்த இதன் ஆயிரமாவது ஆண்டு நிறைவை 2010-இல் நாடு கொண்டாடியபோது இந்திய அரசு பெரிய கோயிலின் உருவம் பொறித்த காசுகளை வெளியிட்டது. கடைத்தெருவில் வழங்கும் ஐந்து ரூபாய்க் காசு ஒன்று; ஆயிரம் ரூபாய் முகமதிப்புடைய வெள்ளிக்காசு மற்றொன்று. இந்திய நாணய வரலாற்றில் ஆயிரம் ரூபாய் என்னும் மதிப்புத் தாங்கிய முதற்காசு இதுவே. எடை 35 கிராம். குறுக்களவு 44 மில்லிமீட்டர். எண்பது பங்கு வெள்ளி, இருபது பங்கு செம்பு. பாதி வெள்ளிக் காசுகளுக்கிடையே இது மாற்று உயர்ந்து நின்றமை இராசராசனின் பெயருக்கு ஏற்புடையதே. வானளாவிய விமானம் உள்ளங்கைக்குள் அடங்கியது எனலாம்.

இக்காசை வங்கியில் சென்று ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பெறுதல் இயலாது. அரசின் அக்கசாலையில் முன்னரே பதிவு செய்து, முகமதிப்பினும் மிக்க விலை கொடுத்தோரே பெற்றனர். முற்காலத்தில் வாசி என்பது காசுக்குக் குறைவைக் காட்டிற்று. நினைவு நாணயத்திலோ வாசி எதிர்த்திசையில் ஓடுகின்றது. முகத்தில் எழுதியதற்கு மேலே கொடுத்து வாங்குகின்றனர். இவ்வாறு விற்கப்படும் காசுகள் இருவகை. ஆடிபோன்ற தளத்தில் உருவம் மட்டும் மங்கலாக எழும்படி தனிச்சிரத்தையோடு அடிக்கப்படுவது 'புரூஃப்' எனப்படும். வழக்கம்போல் அடித்து, புழக்கத்தில் விடாது பேழையிலிட்டுத் தருவது மற்றையது. விலைப்பட்டியலில் இவ்விரண்டையும் மயக்கி விற்பாரும் உண்டாதலின் வாங்குவோர் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

சமயச் சார்பற்ற அரசு கோயிலைக் காசில் பொறித்தல் தகுமோ என்னும் வினாவும் எழாமலில்லை. பெரிய கோயில் காசையும், பின்னர் வைஷ்ணவ தேவி திருத்தலத்தின் பெயரால் வெளிவந்த காசையும் திரும்பப் பெறவேண்டுமென்று தொடுக்கப்பட்ட வழக்கை 2018-இல் தில்லி உயர்நீதிமன்றம் தள்ளிவிட்டது. வழக்குத் தொடுத்தோரைப் பழித்தல் வேண்டா. காசு வெறும் உலோகமன்று, பொருள் பொதிந்தது என்பதை அவர்களும் தம் வழியில் ஒப்புக்கொண்டவரே. இராசேந்திரனுக்கும் அப்பேறு வாய்த்தது. 2025-ஆம் ஆண்டு சூலை 27-ஆம் நாள் ஆடித் திருவாதிரை விழாவில் கங்கைகொண்ட சோழபுரத்தில் இந்தியப் பிரதமர் அம்மன்னன் நினைவாக நாணயம் வெளியிட்டார். தன் காசில் தானே பெயர் பொறித்துக்கொண்டவனுக்கு ஆயிரம் ஆண்டு கழித்து வேறோர் அரசு காசு அடித்தது.

இத்தகைய காசுகள் அழிவது எவ்வாறு என்று நோக்கின், கள்வராலும் தீயாலும் அழிவதைவிட அன்புடையார் கையால் அழிவதே மிகுதி என்பது புலனாகும். வெள்ளி விளக்கைத் திருநீறு கொண்டு துலக்குவது நம் இல்லங்களின் வழக்கம். அவ்வழக்கத்தையே காசின்மேலும் செலுத்துகின்றனர். புளியும் நீறும் இட்டுத் தேய்த்தால் காசு பளிச்சிடும். அச்சில் எழுந்த நுண்கோடுகளோ அத்தேய்ப்பில் போய்விடும். காற்றிலுள்ள கந்தகத்தால் வெள்ளியின்மேல் படரும் கருமை காசுக்குப் பெருந்தீங்கு செய்வதன்று, தேய்ப்பே தீங்கு. பருத்தியுறை அணிந்தோ விளிம்பை மட்டும் பற்றியோ எடுத்து, ஈரம் புகாத இடத்தில் வைத்தலே போதும். குழந்தைக்குக் கழுத்தில் அணிவிக்கவோ அம்பாளுக்குக் காசுமாலை கோக்கவோ காசில் துளையிடுவதும், வளையம் பற்றவைப்பதும் மற்றொரு வழக்கம். செயல் அன்பு பற்றியதே. ஆயினும் அதற்குத் தட்டாரிடம் புதிதாக வெள்ளிக்காசு செய்வித்தல் ஆகாதோ?

பிறிதோர் இடர் போலிகளால் வருவது. இராமர் பட்டாபிடேகமோ அனுமாரோ ஒருபுறமிருக்க, மறுபுறம் 'கிழக்கிந்தியக் கும்பினி' என்றும் 1616, 1717, 1818 போன்ற ஆண்டுகளும் பொறித்த காசுகளைத் தெய்வீக ஆற்றல் உடையன என்று கூறிப் பெரும்பொருளுக்கு விற்கின்றனர். கும்பினியார் அத்தகைய காசு அடித்ததேயில்லை. இராமடங்கம் எனப்படும் கோயில் வில்லைகள் வழிபாட்டுக்கென எழுந்தவை; அவை தம்மளவில் போற்றத்தக்கன. அவற்றின்மேல் பொய்யாண்டு பொறித்தலே குற்றம். பக்தியை முதலாகக்கொண்டு செய்யப்படும் இவ்வாணிகத்தில் ஏமாறுவோர் பெரும்பாலும் பக்தர்களே என்பது வருந்தத்தக்கது. குடமுழுக்கு நாளில் உபயதாரர்களுக்கு அளிக்கப்பெறும் சுவாமி உருவம் பொறித்த வெள்ளி வில்லையையும் இங்கே பிரித்தறிதல் நன்று. அது பிரசாதம்; அரசு காசன்று. அதில் ஊரும் ஆண்டும் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருப்பின் பிற்காலத்தார்க்கு அதுவும் ஒரு சாசனமாகும். ஆண்டு பொறியாது சுவாமி உருவத்தை மட்டும் பொறிப்போர் பலர், இது குறைபாடே.

எல்லாவற்றினும் பேரிழப்பு நேர்வது உண்டியலில். பழைய ரூபாயும், காந்தி நூற்றாண்டுக் காசும், எங்கோ ஒரு பாட்டியார் முந்தானையில் முடிந்து வந்த விக்டோரியாக் காசும் அதில் விழுகின்றன. எண்ணுங்கால் இவை செல்லாக்காசு என்று ஒதுக்கப்படுவதும், வெள்ளிக் கண்மலர், கை கால் உருவங்கள், கொலுசு முதலியவற்றோடு 'வெள்ளி இனம்' என்று ஒன்றாகக் குவிக்கப்படுவதும் உண்டு. குவியல் நிறுக்கப்படுகின்றது, பின்னர் மூசையில் இடப்பட்டுக் கவசமாகவோ கட்டியாகவோ ஆகின்றது. காணிக்கை வெள்ளியைக் கவசமாக்குதல் முறையான திருப்பணியே. ஆனால் கொலுசும் காசும் உலையில் ஒன்றாதல் போலக் கணக்கிலும் ஒன்றாதல் வேண்டுவதில்லை. 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் நாணயத்தை உருக்குதலையும் அழித்தலையும் தடுத்திருக்கின்றது என்பதையும் அறங்காவலர் உளங்கொள்ளத் தகும். திருப்பணிக்கு அகழும்போது மண்ணிலிருந்து வெளிப்படும் காசுகளுக்கோ 1878-ஆம் ஆண்டின் புதையற் சட்டம் உண்டு. அவற்றை அரசுக்கு அறிவித்தல் கடமை. 2020-இல் திருவானைக்காவில் ஒரு பாத்திரத்தோடு 505 பொற்காசுகள் வெளிப்பட்டு அரசிடம் ஒப்புவிக்கப்பெற்றமை அண்மைக்காலச் செய்தி.

இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்களைப் பயின்றோர் அங்கே கணக்கெழுதிய முறையை அறிவர். பொன்னை 'ஆடவல்லான்' என்னும் கல்லாலும், அணிகலன்களைத் 'தக்ஷிணமேருவிடங்கன்' என்னும் கல்லாலும் நிறுத்தனர். ஓர் ஆரம் அளிக்கப்பட்டால் அதில் கோத்த முத்து எத்தனை, அவற்றின் வகை யாது, எடை என்ன, விலை எவ்வளவு காசு என்பதெல்லாம் தனித்தனியே கல்லில் ஏறின. முத்துக்களை ஒரு கூடையிலிட்டு 'முத்து இவ்வளவு' என்று எழுதிவிட்டு அவர்கள் அமையவில்லை. அம்முறையைப் பின்பற்றுதல் இன்றைய கோயில்களுக்கு அரிய செயலன்று. உண்டியல் எண்ணும் நாளில் நாணயம் அறிந்தார் ஒருவர் அரைநாள் உடனிருந்து, குவியலிலிருந்து காசுகளை மட்டும் பிரித்தெடுத்தல் போதும். ஒவ்வொன்றுக்கும் ஆண்டு, எடை, பொறிப்பு, வந்த நாள் ஆகியவற்றைத் தனியேட்டில் எழுதி, இருபுறமும் நிழற்படம் எடுத்து வைத்துவிட்டால், பின்னர்க் கவசத்துக்கு எவ்வளவு வெள்ளி வேண்டுமோ அவ்வளவும் கொலுசுக் குவியலிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.